நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கும் மலை

அணைக்கட்டுகளின் வரலாற்றை நாங்கள் திறப்புவிழா ஆண்டுகளாகத்தான் மனப்பாடம் செய்தோம்: பொல்கொல்ல 1976, விக்டோரியா 1985, ரந்தெனிகல 1986. தண்ணிக்குக் கீழே படிகிற வண்டலுக்கும் ஒரு வரலாறு இருக்கு.

பொல்கொல்லவையே எடுப்போம். மகாவலியை மறித்து, சுரங்கவழியாக உக்குவெல பக்கம் திருப்பிவிடும் சின்னத் தேக்கம் அது. 12 வருஷம் கழித்து, 1988 அளவில், அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 44 வீதத்தை மண் பிடித்துவிட்டது. அவ்வளவு மண் எங்கேயிருந்து வந்தது?

கணக்கிட இரண்டு வழி உண்டு. முதலாவது, படகில் குறுக்கும் நெடுக்கும் போய் ஆழம் அளந்து, கட்டுவதற்கு முந்தைய வரைபடத்தோட ஒப்பிடுறது. எவ்வளவு நிரம்பியது என்று அது சொல்லும். எந்தச் சரிவிலிருந்து வந்தது என்று சொல்லாது.

இரண்டாவது மலையில் தொடங்குது. அமெரிக்க வயல்களில் பல்லாண்டு அளந்து, 1965 இல் விஷ்மையரும் ஸ்மித்தும் வெளியிட்ட சமன்பாட்டில் ஐந்து காரணிகள்: மழையின் வலு, மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், நிலத்தை மூடியிருக்கும் பயிர், மண்காப்பு வேலை. ஐந்தையும் பெருக்கினால், ஒரு ஹெக்டேயரில் வருஷத்துக்கு எத்தனை தொன் அரிபடும் என்று கிடைக்கும். அதில் ஒரு பங்கு வழியிலுள்ள பள்ளங்களில் தங்கும். நுண்துகள் வெள்ளத்தோட அணையைத் தாண்டும். மிச்சம்தான் அடியில் படியும். மண்சரிவும் வீதிக்கு வெட்டின மண்மேடும் இந்தச் சமன்பாட்டுக்குள் வராது; அவற்றைத் தனியாகச் சேர்க்கவேணும்.

ஒரு ஹெக்டேயரில் 1 மில்லிமீற்றர் மண் போனால் கண்ணுக்கே தெரியாது. ஆனா அது 10 கனமீற்றர்!

முதல் மூன்று காரணிகளும் பெரும்பாலும் இயற்கை தந்தவை. கடைசி இரண்டும் மனிதர் எடுத்த முடிவு. வரலாறு நுழைவது அங்கேதான்.

19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் துரைமார் மலைக்காடுகளை அழித்துக் கோப்பி நட்டார்கள். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தொடங்கினார். 1869 இல் இலைநோய் வந்து கோப்பியை விழுத்த, தேயிலை பரவியது. நிரைகளுக்கிடையில் ஒரு புல்லும் நிக்கக்கூடாது என்பது தோட்டத்து ஒழுங்கு. தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கட சனம்தான் சுரண்டியால் அந்தப் புல்லைச் சுரண்டியது. மூடாத மண்ணில் மழை அடித்தது. அணைகள் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மேல்மண் ஆற்றோட போகத் தொடங்கிவிட்டது. மண் காப்புச் சட்டம் வந்ததோ 1951 இல்.

பொல்கொல்லவில் படிந்தது அந்தப் பழைய மண் இல்லை. அது 1976 க்குப் பிறகு வந்தது. ஆனா வந்த சரிவுகள் அந்தக் காலத்தில் திறக்கப்பட்டவை. நல்லா மூடி வளர்ந்த தேயிலைக்குக் கீழே அரிப்பு குறைவு; பராமரிப்பில்லாத பழைய தேயிலையிலும் செங்குத்துச் சரிவின் மரக்கறித் தோட்டத்திலும் கூட.

இன்றைக்கு "மலையில இருக்கிறவங்கள்தான் மண்ணைக் கெடுக்கிறாங்கள்" என்று சொல்வது சுலபம். சுரண்டி பிடித்தவருக்கு அந்தக் கட்டளையில் பங்கில்லை. காணி உரிமையும் இல்லை. தனக்கில்லாத நிலத்தில் கல்வரம்பு கட்டி, பிள்ளைகளின் காலம்வரை காப்பது யாருக்கு முடியும்?

அடுத்த தடவை ஒரு குளமோ நீர்த்தேக்கமோ தூர்ந்துபோச்சு என்ற செய்தியைக் கண்டால், எத்தனை வீதம் என்பதோட நிக்கவேண்டாம். மேலே இருப்பது யாருடைய காணி, அங்கே என்ன நடவேணும் என்று முடிவெடுத்தது யார் என்றும் கேப்போம்.