பக்கத்து நகரம் எப்போது கூட்டாளி? மினியாபொலிஸ்–செயின்ட் பால் வட்டாரத்தில் வரிப் பகிர்வும் லாபியும்

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் உள்ளாட்சிகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. மாநிலம் தெளிவாகக் கொடுத்த அதிகாரமே நகராட்சிக்கு உண்டு, ஐயம் எழுந்தால் அது நகராட்சிக்கு எதிராகவே தீர்க்கப்படும் என்று 1868இல் ஐயோவா நீதிபதி ஜான் டில்லன் வகுத்த விதி பல மாநிலங்களில் இன்னும் செல்லுபடியாகிறது. நகராட்சியை விரிக்கவும் சுருக்கவும் கலைக்கவும் மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று 1907இல் பிட்ஸ்பர்க் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே மேயர்களுக்கு மாநிலச் சட்டமன்றத்தின் படியேறுவது பிழைப்புப் பிரச்சினை. எல்லோருக்கும் எசமான் ஒருவரே என்பதால் அண்டை நகரங்கள் இயல்பாகவே கைகோத்துச் செல்லும் என்று எண்ணத் தோன்றும். மினசோட்டாவின் அனுபவம் வேறு. அங்கே கூட்டணியைத் தீர்மானித்தது எல்லை ஒட்டியிருப்பது அல்ல, வரி அடித்தளம் ஒத்திருப்பது.

இடையே ஒரு சொல் விளக்கம். தமிழில் 'லாபி' என்றாலே திரைமறைவுப் பேரத்தின் வாடை வருகிறது. மினசோட்டாவில் உள்ளாட்சிகள் லாபிக்குச் செய்யும் செலவை மாநிலத் தணிக்கையாளரிடம் ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகின்றன. இங்கே பேசப்படுவது அந்தப் பகிரங்க லாபி.

மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களைச் சுற்றி ஏழு கவுண்டிகள். வட்டாரத்து நகரங்களுக்குப் பொதுவாக 'மெட்ரோ சிட்டீஸ்' என்ற சங்கம் இருக்கிறது. சொத்துவரிக்கு உச்சவரம்பு விதிக்காதே என்பது போன்ற கோரிக்கைகளில் அங்கே கருத்தொற்றுமை எளிது. ஆனால் யாருடைய வரி வளம் யாருக்குப் போவது என்ற கேள்வி எழுந்ததும் உறுப்பினர்கள் தனித்தனிக் கூடாரங்களுக்குப் பிரிகிறார்கள். ஈடைனா, ஈடன் பிரெய்ரி, மினடொங்கா, பிளைமவுத் போன்ற வளமான தெற்கு, மேற்குப் புறநகர்களுக்கு 'முனிசிபல் லெஜிஸ்லேட்டிவ் கமிஷன்'. வளம் குன்றிய வடக்குப் புறநகர்களுக்கு 'நார்த் மெட்ரோ மேயர்ஸ் அசோசியேஷன்'. மூன்றுமே ஒரே சட்டமன்றத்திடம்தான் பேசுகின்றன.

இந்தப் பிளவின் வேர் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. வணிக, தொழில் சொத்துகளின் வரி அடித்தளத்தில் அந்த ஆண்டுக்குப் பின் எந்த நகரில் வளர்ச்சி ஏற்பட்டாலும், அதில் 40 சதவீதம் வட்டாரப் பொதுத்தொகுப்புக்குப் போகும். மக்கள்தொகையையும் தலைக்குரிய சொத்து மதிப்பையும் பார்த்து அது திரும்பப் பங்கிடப்படும். ஏழை நகருக்குக் கூடுதல் பங்கு. யோசனையை முன்வைத்தது 'சிட்டிசன்ஸ் லீக்' என்ற குடிமக்கள் அமைப்பு. சட்டமன்றத்தில் அதைச் சுமந்தவர் சார்லஸ் வீவர்: குடியரசுக் கட்சிக்காரர், வரிவளம் குறைந்த வடக்கிலுள்ள அனோகாவின் பிரதிநிதி. கட்சியை மட்டும் வைத்துப் பார்த்தால் இது புரியாது, தொகுதியின் சொத்துக் கணக்கைப் பார்த்தால் புரியும். எதிர்த்து வழக்குத் தொடுத்தது மின்நிலையம் அமைந்திருந்த பர்ன்ஸ்வில். 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது.

1990களில் மைரன் ஆர்ஃபீல்டு என்ற மினியாபொலிஸ் சட்டமன்ற உறுப்பினர் இதே கணக்கை வெளிப்படையான அரசியலாக்கினார். அவர் கையிலிருந்த ஆயுதம் வண்ணம் தீட்டிய வரைபடங்கள். மையநகரின் வறுமையும் இன அச்சமும் தங்களைத் தொடாது என்று நம்பியிருந்த வடக்குப் புறநகர் மேயர்களுக்கு, பள்ளிகளிலும் வரிக் கணக்கிலும் அவர்களுடைய ஊர்கள் மினியாபொலிஸின் பக்கம்தான் நிற்கின்றன என்று அந்தப் படங்கள் காட்டின. மையநகரும் உழைக்கும் மக்களின் புறநகர்களும் சேர்ந்தால் சட்டமன்றத்தில் பெரும்பான்மை. அந்தப் பெரும்பான்மையைக் கொண்டு அவர் நிறைவேற்றிய வீட்டுவசதி மசோதாக்களையும் வரிப் பகிர்வை விரிக்கும் மசோதாவையும் ஆளுநர் ஆர்னி கார்ல்சன் வீட்டோ செய்தார். 1995இல் இருதரப்பும் ஏற்று நிறைவேறிய 'லிவபிள் கம்யூனிட்டீஸ்' சட்டம் வீட்டுவசதியில் கட்டாயத்தை நீக்கி ஊக்கத்தொகையை வைத்தது. எண்ணிக்கையில் பெரியதாயினும் பிளவில் பிறந்த கூட்டணிக்கு ஆளுநரின் பேனா ஒன்றே போதுமான தடையாயிற்று.

அப்படியானால் ஒருமித்த சங்கமே மேலானதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லா உறுப்பினரின் ஒப்புதலுக்கும் காத்திருக்கும் சங்கத்தால் இருப்பதைக் காக்க முடியும்; வளத்தை இடம்மாற்றும் ஒரு சட்டத்தைத் தொடங்கிவைக்க முடியாது. 1971இன் சட்டம் நகரங்களின் ஒருமித்த விண்ணப்பத்தால் வந்ததல்ல. அது நிலைத்ததற்குக் காரணம் வேறு. தொகுப்பில் போடுவதைவிட எடுப்பது கூடுதலான நகரங்களே பெரும்பான்மை. போதாக்குறைக்கு, எந்த ஊரும் நிரந்தரமாக ஒரு பக்கத்தில் இல்லை. அலுவலகக் கோபுரங்கள் எழுந்த காலத்தில் மினியாபொலிஸே கொடுக்கும் நகரமாக இருந்தது, பின்னர் பெறும் நகரமாயிற்று. இன்று கொடுப்பவர் நாளை பெறக்கூடும் என்ற நிலையில் சட்டத்தை ஒழிக்கத் துணிபவர் குறைவு.

அதனால் அண்டை நகரங்களின் ஒருங்கிணைப்பை ஆராய்பவர்கள் சங்கத் தீர்மானங்களை எண்ணுவதோடு நிறுத்தக்கூடாது. எந்த நகரம் எத்தனை அமைப்புகளில் சந்தா கட்டுகிறது, எந்த மசோதாவுக்கு எந்தக் கூடாரத்திலிருந்து பேசுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இத்தனை கூடாரங்களுக்கு நடுவிலும், அரை நூற்றாண்டுக்குப் பிறகும் 1971 சட்டத்தின் அந்த 40 சதவீதம் மாறவில்லை.