பாட்டனாரைப் பார்த்து: ஸ்தோத்ரரத்நத்தின் இறுதி ச்லோகமும் கங்கைகொண்ட சோழபுரத்து ஐதிஹ்யமும்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தவை. பெரம்பலூர் 1995இலும், அரியலூர் நிலையாக 2007இலும் தனி மாவட்டங்களாயின. ஆழ்வார்கள் மங்களாசாஸனம் செய்த சோழநாட்டுத் திருப்பதிகள் நாற்பதில் ஒன்றும் இவ்வெல்லைக்குள் இல்லை. ஆயினும் ஆசார்ய பரம்பரையின் வரலாற்றில் இந்நிலத்துக்கு ஓரிடம் உண்டு. அது நாதமுனிகளின் யோகம் நின்றுபோன இடம். அவர் திருப்பேரனார் ஆளவந்தார் அருளிய ஸ்தோத்ரரத்நத்தைக் கற்பவர், அதன் இறுதி ச்லோகத்தை இவ்விடத்தோடு சேர்த்து நினைத்தால் பெறும் பயன் யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நாதமுனிகளின் திருவவதாரத் தலமாகிய வீரநாராயணபுரம், இன்றைய காட்டுமன்னார்கோயில், கடலூர் மாவட்டத்தில் உள்ளது. அதற்கு அணித்தாய், அதைப் போலவே கொள்ளிடத்தின் வடபால், அரியலூர் மாவட்டத்தில் அமைந்தது கங்கைகொண்ட சோழபுரம். நாதமுனிகள் தம் சீடருள் உய்யக்கொண்டாரிடம் திவ்யப்ரபந்தத்தையும் தர்சனார்த்தங்களையும் வளர்க்கும் பொறுப்பை ஒப்புவித்தார். குருகைக் காவலப்பனுக்கு யோகரஹஸ்யத்தை உபதேசித்தார். உய்யக்கொண்டார் வழி மணக்கால் நம்பிக்கும், அவர் வழி ஆளவந்தாருக்கும் வந்து சேர்ந்தது. காவலப்பன் வழியோ ஒருவரோடு நின்றது.

அது நின்ற வகையைக் குருபரம்பரை வரலாறுகள் கூறுகின்றன. யோகரஹஸ்யத்தைப் பெற விரும்பிய ஆளவந்தார் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு எழுந்தருளினார். காவலப்பன் யோகத்தில் எழுந்தருளியிருந்தபடியால், அதைக் கலைக்க அஞ்சிச் சுவருக்குப் பின்னே ஓசைபடாமல் நின்றார். காவலப்பனோ திடீரெனக் கண் விழித்து, சொட்டைக் குலத்தார் எவரேனும் இங்கு வந்துள்ளனரோ என்று வினவினார். சொட்டைக் குலம் என்பது நாதமுனிகளின் குலம். ஆளவந்தார் வெளிப்பட்டுத் தண்டனிட்டு, தாம் வந்ததை அறிந்தது எங்ஙனம் என்று விண்ணப்பித்தார். பெரிய பிராட்டியார் அணைத்திருக்கும் போதும் வேறிடம் நோக்காமல் தம்மோடு கலந்திருக்கும் எம்பெருமான், அன்று பலகால் தம் கழுத்துக்கு அப்பால் எட்டிப் பார்த்தான் என்றும், அவன் அவ்வாறு பார்ப்பதாயின் அது நாதமுனிகளின் குலத்தாரையே ஆகவேண்டும் என்றும் காவலப்பன் அருளிச்செய்தார்.

பின்னர்த் தாம் திருநாட்டுக்கு எழுந்தருளும் நாளைக் குறித்துக் கொடுத்து, அதற்குள் வந்து யோகரஹஸ்யத்தைப் பெறுமாறு கட்டளையிட்டார். ஆளவந்தார் திருவாய்மொழியில் ஈடுபட்டுத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளியிருந்தபோது அந்நாள் வந்துவிட்டது. நாதமுனிகளின் யோகம் அத்துடன் மறைந்தது.

இங்கு வரலாற்று நோக்கில் ஒன்று கூறவேண்டும். வீரநாராயணன் என்பது முதற் பராந்தக சோழனின் (907–955) விருதுப் பெயர். கங்கைகொண்ட சோழபுரமோ முதலாம் இராசேந்திரன் (1012–1044) கங்கைப் படையெடுப்புக்குப் பின், ஏறத்தாழ 1025இல் அமைத்த தலைநகர். நாதமுனிகளின் நேர்ச்சீடர் ஒருவர் அப்பெயருடைய நகரில் வாழ்ந்தார் எனக் கொள்வது கால அளவில் இடர்ப்பாடு உடையது. குருபரம்பரை நூல்கள் பிற்காலத்தில் எழுந்தவை. தம் காலத்தில் யாவரும் அறிந்த பெருநகரின் பெயரால் அவை அவ்விடத்தைச் சுட்டின எனக் கொள்வது பொருந்தும். அந்நகரின் பேரேரியாகிய சோழகங்கத்தை, அதாவது இன்றைய பொன்னேரியை, அடுத்துள்ள ஊர் குருவாலப்பர்கோயில் என வழங்குகிறது. இப்பெயர் குருகைக் காவலப்பர் கோயில் என்பதன் மரூஉ என்பர். நகரின் பெயர் காலத்தோடு ஒவ்வாவிடினும், காவலப்பனின் நினைவு இம்மண்ணில் ஊன்றியிருப்பதற்கு ஊர்ப்பெயரே சான்று.

இனி ஸ்தோத்ரத்துக்கு வருவோம். 65 ச்லோகங்கள் கொண்ட ஸ்தோத்ரரத்நத்தின் முதல் மூன்று ச்லோகங்கள் நாதமுனிகளுக்கு வணக்கம். நான்காவது பராசர மஹர்ஷிக்கும், ஐந்தாவது நம்மாழ்வாருக்கும் உரியவை. அறுபத்தைந்தாவது மீண்டும் நாதமுனிகளிடம் வருகிறது. எம்பெருமானுடைய திருவடித்தாமரைகளில் இயல்பான பேரன்பின் எல்லையில் நின்றவரான என் பாட்டனாரைப் பார்த்து, என் நடத்தையை எண்ணாமல், அருள்புரிய வேண்டும் என்பது அதன் திரண்ட பொருள். சுவருக்கு அப்பால் எம்பெருமான் எட்டிப் பார்த்தது ஆளவந்தாருடைய யோக்யதையை அன்று. அவர் பிறந்த ஸம்பந்தத்தை. இறுதி ச்லோகத்தின் வேண்டுகோளும் அதுவே. ஐதிஹ்யத்தில் நிகழ்ச்சியாக உள்ளது ச்லோகத்தில் ப்ரார்த்தனையாக உள்ளது.

இப்பொருள் ஒலியில் எவ்வாறு தங்கியுள்ளது என்பதைக் கற்பவர் கவனிக்க வேண்டும். ச்லோகத்தின் பின்பாதியில் இரண்டு வினையெச்சங்கள் உள்ளன. ‘விலோக்ய’ என்பது பார்த்து. ‘அசிந்தயித்வா’ என்பது எண்ணாமல். உபஸர்க்கத்தோடு கூடிய முன்னதற்கு ‘ய’ என்ற ஈறு வந்தது. எதிர்மறை அகரம் முன்னிற்கையில் அவ்வாறு மாறலாகாது என்பது பாணினீய விதியாதலால், பின்னதில் ‘த்வா’ என்ற ஈறு அப்படியே நின்றது. ஒன்றைப் பார்ப்பதும் மற்றொன்றைப் பாராதிருப்பதுமே இந்த ப்ரார்த்தனையின் இரு கைகள்.

இவ்விரண்டாவது சொல்லில் ஓர் அபாயம் உண்டு. முன்சொல் மகர மெய்யில் முடிவதால், சேர்த்துச் சொல்லும்போது எதிர்மறை அகரம் அம்மெய்யோடு கலந்து ‘ம’ என ஒலிக்கும். பதம் பிரிக்கத் தெரியாதவர் அகரத்தை விழுங்கி, ‘சிந்தயித்வா’ என்று சொல்லிவிடக்கூடும். அப்போது என் நடத்தையை எண்ணிப் பார்த்து அருள் என்று பொருள் தலைகீழாகும். எதற்கு அஞ்சி ஆளவந்தார் பாட்டனாரை முன்னிட்டாரோ, அதையே நாம் வலிய வேண்டியவர்களாவோம். இதைத் தடுப்பது சந்தம். இந்த ச்லோகம் உபஜாதி. பாதம் ஒன்றுக்கு 11 அக்ஷரம். அகரம் விழுந்தால் 10 ஆகிக் கடைசிப் பாதம் நொண்டும். பொருள் அறியாத சிறுவனுக்கும் ஏதோ குறைகிறது என்பதைச் செவி உணர்த்திவிடும்.

எழுத்தைப் பார்த்து மட்டும் கற்பதன் குறையும் இதே ச்லோகத்தில் தெரியும். பிதாமஹ, நாத, ப்ரஸீத, அவதி என்னும் நான்கு சொற்களிலும் தமிழ் எழுத்தில் தகர வரிசையே காணப்படுகிறது. வடமொழியிலோ அவை முறையே தவர்க்கத்தின் முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் ஒலிகள். க்ரந்த எழுத்திலும், 2, 3, 4 என்னும் சிற்றெண்கள் இட்ட தமிழ்ப் பதிப்பிலும் இவ்வேறுபாடு விளங்கும். எண்ணில்லாப் பதிப்பில் மறையும். ஆசார்யர் ஒருமுறை சொல்ல, சிஷ்யர்கள் இருமுறை திருப்பிச் சொல்லும் ஸந்தை முறை இக்குறைக்கு இடம் தருவதில்லை. பாதம், அரைச்லோகம், முழுச்லோகம் என ஒலியை நிலைநிறுத்திய பின்னர்ப் பதம் பிரித்து, அந்வயம் கூட்டி, வ்யாக்யானத்தில் புகுவதே முறை. பெரியவாச்சான் பிள்ளை மணிப்ரவாளத்திலும், வேதாந்த தேசிகர் வடமொழியிலும் இந்த ஸ்தோத்ரத்துக்கு உரை அருளியுள்ளனர். இரு ஸம்ப்ரதாயத்தாரும் ஓதும் நூல் இது.

காலம் தாழ்ந்து சேர்ந்தவர் ஆளவந்தார் மட்டும் அல்லர். பெரிய நம்பி காஞ்சியில் பேரருளாளன் ஸந்நிதியில் ஸ்தோத்ரரத்நத்தை அனுஸந்திக்க, அதைச் செவியுற்ற இராமாநுசர் அருளியவர் யாரென வினவி, அவரைச் சேவிக்கத் திருவரங்கம் புறப்பட்டார். அவர் சென்றடைவதற்குள் ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். ஆயினும் இவ்விரு தாமதங்களும் ஒன்றல்ல. காவலப்பனிடம் இருந்த யோகம் அவர் திருமேனியோடு போயிற்று. ஆளவந்தாரின் திருவுள்ளமோ அவருக்கு முன்பே ச்லோகமாகிப் பெரிய நம்பியின் திருவாக்கில் ஏறி, இராமாநுசரின் செவியை அடைந்திருந்தது. ஒருவர் சொல்லி மற்றவர் திருப்பிச் சொல்லக்கூடிய வடிவில் இருந்தது பிழைத்தது. அவ்வடிவம் பெறாதது பிழைக்கவில்லை.

ஆகையால் ஸ்தோத்ரத்தைக் கற்பது மனப்பாடம் என்ற அளவில் நிற்பதன்று. பரம்பரை நின்றுபோகாமல் காக்கும் தொழிலும் ஆகும். பொருளை மட்டும் பெற்று ஒலியை விட்டவரிடம் அடுத்தவருக்குக் கொடுக்க ஒன்றும் இராது. ஒலியை மட்டும் பெற்றவரோ, அகரம் எதற்காக அங்கே நிற்கிறது என்று அறியார். பொன்னேரிக் கரை வழியே காட்டுமன்னார்கோயிலைச் சேவிக்கச் செல்வோர், குருவாலப்பர்கோயிலில் சற்றே நின்று அந்த இறுதி ச்லோகத்தை ஒருமுறை அனுஸந்திக்கலாம், அந்த அகரம் விழாமல்.