கோதண்டம் முதல் பிடிப்பதிவேடு வரை

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட தகப்பன் வாத்தியாரிடம் சொன்ன பேச்சு ஒன்று இன்னமும் ஊர்ப்புறங்களில் புழக்கத்தில் இருக்கிறது: “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மிச்சத் தோலை உரிச்சிடுங்க.” பழைய பள்ளிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோர் நினைவுக்கும் வருவது பிரம்புதான். ஆனால் பிரம்போடு வேறு ஏற்பாடுகளும் அங்கே இருந்தன. விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துப் பையன் தொங்க வேண்டும், அது கோதண்டம். கள்ளம்போட்டுத் திரிகிறவன் காலில் மரக்கட்டையைப் பிணைத்து விட்டால் அது குட்டை. பள்ளிக்கு வராதவனை வீட்டிலிருந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கிவர, சட்டாம்பிள்ளை தலைமையில் நாலைந்து பையன்கள் கிளம்புவார்கள்.

அடி ஒரு கணத்தில் முடிந்துவிடும். கட்டு நேரக்கணக்கில் நீடிக்கும். இருந்தும் கட்டிவைப்பதை யாரும் பெரிய கொடுமையாக எண்ணியதில்லை. அடிக்காமல் விட்டாரே என்று வாத்தியாருக்கு நல்ல பெயர்கூடக் கிடைத்திருக்கும். இந்த எண்ணம் தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த பையன்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை வகுத்து, ஊர் திரும்பியதும் 1797இல் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர். பெல் தன் பள்ளியில் ஒரு கறுப்புப் புத்தகமும் வைத்திருந்தார். பையன்களின் குற்றங்கள் அதில் எழுதப்படும். வாரந்தோறும் எல்லார் முன்னிலையிலும் விசாரணை நடக்கும்.

ஏறத்தாழ இதே முறையை லண்டனில் பெரும் கூட்டத்துக்கு நடத்திக் காட்டியவர் ஜோசப் லங்காஸ்டர். 1798இல் பரோ ரோட்டில் அவர் தொடங்கிய பள்ளியில் பின்னர் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள். லங்காஸ்டர் குவேக்கர் சமயத்தவர். வன்முறை ஆகாது என்பது அவர்கள் கொள்கை. பிள்ளைகளைச் சவுக்கால் அடிப்பதும் அவருக்கு உடன்பாடில்லை. அடி கிடையாது என்றால் அத்தனை பையன்களை எப்படி அடக்குவது? அதற்கு 1803இல் வெளிவந்த தன் புத்தகத்தில் அவரே பதில் எழுதினார்.

ஓயாமல் பேசுகிறவன் கழுத்தில் நாலு முதல் ஆறு பவுண்டு எடையுள்ள மரக்கட்டையை மாட்ட வேண்டும். நேராக உட்கார்ந்தால் கட்டை தோளில் படிந்து கிடக்கும்; இப்படி அப்படித் திரும்பினால் சாய்ந்து கழுத்தை அழுத்தும். அதற்கும் மசியாதவன் கால்களுக்கு மர விலங்கு. அதோடு அவன் கூடத்தைச் சுற்றி நடந்து களைக்க வேண்டும். இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டுவதும் உண்டு. சிலரைக் கூடையிலோ சாக்கிலோ போட்டு எல்லோரும் பார்க்கக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். எழும்பூரிலிருந்து மணல் எழுத்து கப்பலேறியது நிச்சயம். கோதண்டமும் கூடவே போனதா என்று கேட்கத் தோன்றும். அதற்குச் சான்று கிடையாது. பிள்ளையைத் தொங்கவிட யாரும் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை போலும். இதையெல்லாம் லங்காஸ்டர் கருணை என்றே மனதார நம்பினார். கவிஞர் கோல்ரிட்ஜ் நம்பவில்லை. 1808இல் லண்டனில் ஆற்றிய உரையில் இந்தத் தண்டனைகளைக் காய்ச்சி எடுத்தார்.

கட்டையும் விலங்கும் காலப்போக்கில் பள்ளிகளிலிருந்து மறைந்தன. அடக்கிப் பிடிக்கும் வழக்கம் மனநல விடுதிகளில் தங்கியது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால் மிரண்டு கத்தும், தலையை மோதிக்கொள்ளும் பிள்ளையை என்ன செய்வது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை. விடுதிகளில் புழங்கிய பிடிமுறைகள் வகுப்பறைக்குள் வந்தன. இம்முறை அவற்றின் பெயர் பாதுகாப்பு.

1998இல் ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட் நாளிதழ், மனநல விடுதிகளிலும் காப்பகங்களிலும் கட்டிப்போட்டோ அழுத்திப் பிடித்தோ பத்தாண்டுகளில் 142 பேர் இறந்ததைத் தொகுத்து வெளியிட்டது. 2000இல் மருத்துவ நிலையங்களுக்கு நாடாளுமன்றம் கட்டுப்பாடு விதித்தது. பள்ளிகள் விட்டுப்போயின. அடுத்த இரண்டே ஆண்டில் டெக்சஸில், உட்காரச் சொன்ன இடத்தில் உட்காராத 14 வயதுப் பையனைத் தரையில் தள்ளி, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆசிரியர் மேலே படுத்து அழுத்தினார். பையன் அறுபது கிலோகூட இல்லை. மூச்சுத் திணறி இறந்தான். கொலைச்சாவு என்றது பிரேதப் பரிசோதனை, வழக்கு நடக்கவில்லை. 2009இல் அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் இத்தகைய சம்பவங்களை நாடாளுமன்றத்தின் முன் வைத்தபோது அந்த ஆசிரியர் வேறு மாநிலத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

குப்புறப் போட்டு அழுத்தும் பிடி ஏன் ஆளைக் கொல்கிறது? முதுகில் எடை ஏறினால் நெஞ்சும் வயிறும் விரிய இடமில்லை. மூச்சுக்காகப் பிள்ளை திமிறும். பிடித்திருப்பவர் அதை முரண்டு என்று எண்ணி இன்னும் அழுத்துவார். “மூச்சு முட்டுது” என்று சொன்னாலும், பேச முடிகிறதே, மூச்சு வருகிறது என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்.

பள்ளிகளில் இத்தகைய பிடிகளைத் தடுக்க 2010இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதா செனட்டில் நின்றுபோனது. கல்வித் துறை 2012இல் 15 நெறிகளை வெளியிட்டதோடு சரி. உடலுக்குக் கடும் தீங்கு உடனே நேரும் என்றால் மட்டுமே பிடிக்கலாம், தண்டனையாகப் பிடிக்கக் கூடாது, மூச்சைத் தடுக்கும் எந்தப் பிடியும் கூடாது, ஒவ்வொரு முறையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. 2017–18 கல்வியாண்டில் மட்டும் அந்நாட்டுப் பள்ளிகளில் கட்டப்பட்ட, பிடிக்கப்பட்ட, தனியறையில் அடைக்கப்பட்ட மாணவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பிடிக்கப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் மாற்றுத்திறனாளிகள்.

இல்லினாய் மாநிலத்தில் நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே கவனிக்க வேண்டியது. தனியறையில் அடைத்தால் குறிப்பு எழுத வேண்டும் என்று அங்கே விதி இருந்தது, பள்ளிகள் எழுதின, மாநில அரசில் யாரும் படிக்கவில்லை. சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழும் புரோபப்ளிகா செய்தி நிறுவனமும் படித்தன. சுமார் 15 மாதத்தில் 20,000க்கும் மேற்பட்ட சம்பவங்கள். பல இடங்களில் ஆபத்து எதுவும் இல்லை; பாடம் எழுத மறுத்ததற்காகக்கூட அடைத்திருந்தார்கள். 2019 நவம்பரில் கட்டுரை வெளிவந்த மறுநாளே மாநிலம் அவசரத் தடை போட்டது.

அதே நாட்டின் விர்ஜினியாவில், இத்தகைய பிள்ளைகளைப் பராமரிக்கும் கிராஃப்டன் என்ற நிறுவனம் தலைமையின் உத்தரவின் பேரில் பிடிப்பதைக் குறைக்க இறங்கியது. ஊழியருக்கு அடி விழுந்தால் தடுக்க மெத்தென்ற பஞ்சுத் தடுப்புகள், பிள்ளைக்கு எது மிரட்சி தருகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பயிற்சி, ஒவ்வொரு பிடியையும் எழுதி விசாரிக்கும் வழக்கம். பிடிகள் குறைந்தன, ஊழியர்களின் காயங்களும் குறைந்தன.

நம் நாட்டிலும் கதை ஏறத்தாழ அதேதான். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்தது. மனநல நிலையங்களில் பிடித்தால் எழுத வேண்டும், நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்றது. பள்ளிகளுக்கோ 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு இருக்கிறது. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் அது தடுக்கிறது. ‘தண்டிக்கவில்லை, பிள்ளையின் பாதுகாப்புக்காகக் கட்டினோம்’ என்று சொல்பவரை எப்படிக் கேள்வி கேட்பது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. சிறப்புப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை ஒரு பதிவேடு வைக்கச் சொல்லட்டும்: பிடித்தவர் யார், எத்தனை நிமிடம், என்ன ஆபத்து, பெற்றோரிடம் எப்போது சொன்னார்கள். மாதம் ஒருமுறை அதைப் படிக்க ஓர் அதிகாரியையும் நியமிக்கட்டும்.