நிட்டேவோ: நமது காட்டிலும் ஒரு 'பிக்ஃபுட்' இருந்ததா?



அமெரிக்கக் காடுகளில் திரிவதாகச் சொல்லப்படும் 'பிக்ஃபுட்' வீடியோக்களை நமது பிள்ளைகள் அலுக்காமல் பார்க்கிறார்கள். ஆனால் பொத்துவிலுக்குத் தெற்கே, பாணமையைத் தாண்டிய காட்டிலும் இதைப் போன்ற ஒரு கதை இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தக் கதையில் வருபவர்களின் பெயர் நிட்டேவோ.

முதலில் பிக்ஃபுட்டைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஆசியாவில் வாழ்ந்து அழிந்த 'ஜைகன்டோபிதிகஸ்' என்ற இராட்சதக் குரங்கின் வாரிசு அது என்று சிலர் சொல்வார்கள். அந்தக் குரங்கின் பல்லை ஹொங்கொங் மருந்துக் கடையொன்றில் 1935இல் கண்டெடுத்தவர் வொன் கோனிக்ஸ்வால்ட். அது ஒராங்குட்டானின் உறவு என்பதை 2019இல் பல்லிலிருந்த புரதமே காட்டியது. அமெரிக்காவில் அதன் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1958இல் கலிபோர்னியாவில் பரபரப்பை உண்டாக்கிய காலடிகளின் கதையும் பின்னர் அம்பலமானது. 2002இல் ரே வொலஸ் என்பவர் இறந்ததும், அவற்றைப் பதிக்க அவர் பயன்படுத்திய மரப்பாதங்களைக் குடும்பத்தாரே வெளியில் காட்டினார்கள்.

நமது கதையில் வருவது இராட்சதன் அல்ல, குள்ளன். மூன்று, நான்கு அடி உயரம், உடல் முழுக்கச் செம்மயிர், நீண்ட நகங்கள், நிமிர்ந்த நடை. குகைகளிலும் மரங்களில் கட்டிய இலைப் பரண்களிலும் வாழ்ந்தார்களாம். நெருப்பு தெரியாது, இறைச்சியைப் பச்சையாகவே தின்பார்களாம். லேனாமப் பகுதி வேடர்களுக்கும் இவர்களுக்கும் ஓயாத பகை. கடைசியில் எஞ்சியிருந்தவர்களை வேடர்கள் ஒரு குகைக்குள் விரட்டி, வாசலில் விறகைக் குவித்துத் தீ மூட்டினார்கள். மூன்று நாட்கள் எரிந்த நெருப்பின் புகையில் எல்லோரும் மாண்டார்கள். இது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்திருக்கலாம் என்பது ஒரு கணிப்பு.

இதை 1886இல் முதலில் எழுதியவர் ஹியூ நெவில் என்ற ஆங்கிலேய அதிகாரி. அவரும் ஒரு வேட்டைக்காரர் வழியாகக் கேட்டதைத்தான் எழுதினார். 1914இல் பிரெடரிக் லூயிஸ் அதே பகுதியில் அதே கதையை மறுபடியும் கேட்டார். அதாவது, கண்ணால் கண்ட சாட்சி என்று எவரும் இல்லை. எல்லாமே செவிவழி வந்தவை, அதுவும் கொன்ற தரப்பின் வாய்வழி.

பிறகு வந்தவர் கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஒஸ்மன் ஹில். ஜாவாவில் எலும்பு கிடைத்த ஆதிமனிதனோடு நிட்டேவோவுக்குத் தொடர்பு இருக்கலாம் என்று 1945இல் அவர் எழுதினார். நேபாளத்தின் பங்போச்சே மடாலயத்திலிருந்த 'யெட்டியின் கை'யைப் பின்னாளில் ஆராய்ந்தவரும் இவரே. 2011இல் நடந்த மரபணுச் சோதனை அந்த விரல் சாதாரண மனித விரல்தான் என்று முடிவு சொன்னது.

2003இல் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுக் குகையொன்றில் சுமார் மூன்றரை அடி உயர மனித இனத்தின் எலும்புகள் கிடைத்தன. மூளை நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் அந்தக் குகையில் கற்கருவிகள் இருந்தன. குள்ள மனிதர் என்பது வெறும் கற்பனை அல்ல என்று நிட்டேவோ கதைக்குப் புது உயிர் வந்தது. ஆனால் அந்த எலும்புகள் அறுபதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. இன்னொரு வியப்பும் உண்டு: 'எபு கொகோ' என்ற மயிர் நிறைந்த குள்ளர்களைக் குகைக்குள் வைத்து எரித்ததாகப் புளோரஸ் மக்களும் ஒரு கதை சொல்கிறார்கள்!

நமது நாட்டுக் குகைகள் எலும்பைப் பாதுகாக்காதவை அல்ல. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையில் சுமார் 48,000 ஆண்டுகள் பழைமையான எலும்பு அம்புமுனைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற மனிதர்களே. நிட்டேவோவின் எலும்பு மட்டும் இதுவரை ஒன்றுகூட இல்லை. எலும்பு கிடைக்கும்வரை அவர்களைத் தனி இனம் என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை.

ஆனால் கதையிலேயே ஒரு சாட்சியம் ஒளிந்திருக்கிறது. நிட்டேவோவின் பேச்சு பறவைகளின் கீச்சொலி போல இருந்ததாம்; வேடர்களில் சிலருக்கு அது விளங்குமாம். விளங்கினால் அது சத்தம் அல்ல, மொழி. மொழி இருந்தால் அறிவு இருந்தது. அப்படியானால் அந்தக் குகைக்குள் எரிந்தது விலங்குகளா?

அவர்கள் நம் காட்டின் இன்னொரு சிறு மனிதக் கூட்டமாகவும் இருந்திருக்கலாம். பகை முற்றியபோது அவர்களுக்கு மயிரும் நகமும் வளர்ந்திருக்கலாம். இந்தக் கதையை எழுதிய அதே காலத்து வெள்ளையர்கள் வேடர்களையும் மனிதரில் கடைநிலை என்றுதான் எழுதினார்கள். ஒருவரைப் பாதி மிருகம் என்று சொல்லிவிட்டால், அடுத்து நெருப்பு வைப்பது இலகுவாகிவிடுகிறது. கிழக்கு மண்ணில் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பிள்ளைகள் பிக்ஃபுட் பற்றிக் கேட்டால் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். எலும்பு எங்கே, யார் பார்த்தார்கள், யார் சொன்னார்கள் என்று கேட்கப் பழக்குங்கள். பாணமை, பொத்துவில் பக்கத்து மூத்தவர்களிடம் இந்தக் கதை இன்னும் இருந்தால் அவர்களின் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். எரிக்கப்பட்டவர்கள் யாராக இருந்தாலும், ஆதமின் மக்களா இல்லையா என்று முடிவெடுத்தவர்கள் நெருப்பு வைத்தவர்கள்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது.