காப்பாக் பாம்பின் நஞ்சு

ஜெராய் மலையடியில், யான், குரூண் வட்டாரங்களில், விடியுமுன் தலைவிளக்குடன் மரம் சீவப் போனவர்களுக்குக் காப்பாக் பாம்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மலாய்க்காரர்கள் இதை ‘உலார் காப்பாக் போடோ’, அதாவது மூடக் கோடரிப் பாம்பு என்பார்கள். ஆள் அரவம் கேட்டும் விலகாது. சருகோடு சருகாய்க் கிடக்கும். மூடன் என்ற பட்டம் அதனால் வந்தது போலும். மிதித்தவருக்குத்தான் ஆபத்து.

1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் பினாங்குப் பொது மருத்துவமனையில் அலிஸ்டர் ரீட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இருந்தார். இப்பாம்பு கடித்தவர்களின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்த்தார். அது உறையவேயில்லை, நாட்கணக்கில் அப்படியே இருந்தது. விந்தை என்னவென்றால், அவர்களில் பலர் பெரிய இரத்தப்போக்கு எதுவுமின்றி நடமாடினார்கள். இரத்தம் உறைவதற்கு வேண்டிய பைப்ரினோஜன் என்ற புரதத்தை நஞ்சிலுள்ள ஒரு நொதி தீர்த்துவிடுகிறது என்பது தெளிவாயிற்று. 1963-இல் ரீடும் உடன் பணியாற்றியோரும் இதை லான்செட் இதழில் எழுதினர். அந்த நொதியைப் பிரித்து ‘ஆர்வின்’ என்று பெயரிட்டு, இரத்தக்கட்டி நோயாளிகளுக்கு லண்டனில் கொடுத்துப் பார்த்த செய்தி 1968-இல் வெளிவந்தது. ரீடின் பெயர் மருத்துவ ஏடுகளில் நிற்கிறது. கடிபட்டு இரத்தம் கொடுத்தவர்கள் பெயரின்றிப் போனார்கள்.

அதே நஞ்சில் இன்னொரு சிறு பொருளும் உண்டு. ரோடோஸ்டோமின் என்னும் பெப்டைடு அது; 68 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. அச்சங்கிலியில் அடுத்தடுத்து வரும் மூன்று கண்ணிகள்தான் அதன் ஆயுதம். உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உதவும் ‘இன்டெக்ரின்’ என்னும் கொக்கிகளில் அவை போய் மாட்டிக்கொள்ளும். புற்றுக்கட்டி வளர வேண்டுமானால் அதற்குப் புதிய இரத்தக்குழாய்கள் வேண்டும். அக்குழாய்கள் உருவாகவும் இக்கொக்கிகள் வேண்டும். கொக்கியை அடைத்தால் கட்டிக்குத் தீனி குறையும் அல்லவா? 2001-இல் தைவான் ஆராய்ச்சியாளர்கள் சுண்டெலிகளில் இதைச் செய்து, கட்டியின் வளர்ச்சி குறைந்ததாகக் காட்டினர்.

சுண்டெலி வேறு, மனிதன் வேறு. அதே மூன்று கண்ணிகளை வைத்து ஆய்வுக்கூடத்தில் செய்த ‘சிலெங்கிடைடு’ என்ற மருந்தை மூளைப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அவர்களின் ஆயுள் நீளவில்லை என்ற முடிவு 2014-இல் வெளியாயிற்று. ரோடோஸ்டோமினும் புற்றுநோய் மருந்தாக இதுவரை அங்கீகாரம் பெறவில்லை.

பாம்பின் பித்தத்தையும் இரத்தத்தையும் புற்றுக்கு மருந்தென்று நம்புவோர் நம்மிடையே உண்டு. ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்த பெப்டைடு வேறு, பாம்பின் பித்தம் வேறு. அந்தப் பெப்டைடையே விழுங்கினாலும், வயிறு அதை இறைச்சித் துண்டைப் போலச் செரித்துவிடும். சேமிப்பைக் கரைத்து அந்தப் பித்தத்தை வாங்குகிறவர், சிகிச்சைக்கு உரிய மாதங்களையும் சேர்த்தே இழக்கிறார்.