பத்து கிலோ பாரம்: கிரிஸ்ப் தோற்ற கதை

இந்தப் பந்தயத்தின் பழைய வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. முடிவு தெரியும். இருந்தும் கடைசி நானூறு மீட்டர் வரும்போதெல்லாம், "இந்தத் தடவையாவது ஜெயிச்சுடேன்" என்று மனசு கிரிஸ்ப் பக்கம் போய்விடுகிறது. 1973 மார்ச் 31 அன்று லிவர்பூல் பக்கத்தில் உள்ள ஐன்ட்ரீ மைதானத்தில் நடந்த கிராண்ட் நேஷனல் அது.

தெரியாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். கிராண்ட் நேஷனல் என்பது வேலிகளைத் தாண்டி ஓடும் ஸ்டீப்பிள்சேஸ் பந்தயம். அன்றைக்கு 38 குதிரைகள். ஏழு கிலோமீட்டருக்கு மேல் தூரம், மொத்தம் 30 தாண்டல்கள். முக்கியமான விஷயம், இது ஹேண்டிகேப் பந்தயம். அதாவது நல்ல குதிரைக்கு அதிக பாரம், சுமாரான குதிரைக்குக் குறைந்த பாரம். ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்து எடை போடுவார்கள். போதாவிட்டால் சேணத்தோடு ஈயக்கட்டி வைத்துச் சரிக்கட்டுவார்கள். எல்லாரும் ஒன்றாக வந்து முடிக்கிற மாதிரி பாரத்தைப் பிரிப்பதுதான் ஹேண்டிகேப் போடுபவரின் வேலை.

கிரிஸ்ப் ஆஸ்திரேலியக் குதிரை. நல்ல உயரம், கறுப்புக்கு நெருங்கிய நிறம். 1971ல் செல்டன்ஹாமில் இரண்டு மைல் சாம்பியன் பந்தயத்தை 25 நீளத்தில் ஜெயித்திருந்தது. (ஒரு நீளம் என்றால் ஒரு குதிரையின் உடல் நீளம்.) அதனால் இதற்கு உச்சபட்ச பாரம், 12 ஸ்டோன். நம்ம கணக்கில் 76 கிலோ.

ரெட் ரம்முக்கு 10 ஸ்டோன் 5 பவுண்டு, சுமார் 66 கிலோ. அதன் பயிற்சியாளர் ஜிஞ்சர் மெக்கெயின், சவுத்போர்ட் ஊரில் பழைய கார் விற்றவர். கடைக்குப் பின்னால்தான் லாயம். குதிரைக்குக் குளம்பு எலும்பில் நோய். கடற்கரை ஈர மணலிலும் உப்புத் தண்ணீரிலும் ஓட விட்டுத்தான் அதைத் தேற்றினார். ஆக, இதுவும் ஒன்றும் பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை.

பந்தயத்துக்கு வருவோம். ஜாக்கி ரிச்சர்ட் பிட்மன் ஏறியிருந்த கிரிஸ்ப் ஆரம்பத்திலேயே முன்னால் போய்விட்டது. வேலிகளைப் பார்த்துப் பயப்படுகிற குதிரை உண்டு, கிரிஸ்ப் அவற்றை நோக்கிப் பாய்ந்தது. இரண்டாவதாக வந்துகொண்டிருந்த கிரே சோம்ப்ரேரோ 'சேர்' என்கிற பெரிய வேலியில் விழுந்ததும் பக்கத்தில் ஆளே இல்லை. இரண்டாம் சுற்றில் பீச்சர்ஸ் புரூக்கைத் தாண்டும்போது இருபது நீளத்துக்கு மேல் முன்னிலை. பின்னாலிருந்து விடாமல் துரத்தியது ஒரே ஒரு குதிரை. பிரையன் பிளெட்சர் ஓட்டிய ரெட் ரம்.

கடைசி வேலியைத் தாண்டியபோதும் சுமார் 15 நீளம் இடைவெளி இருந்தது. ஆனால் ஐன்ட்ரீயில் அதற்குப் பிறகு 494 கெஜம் ஓடவேண்டும். நடுவில் 'எல்போ' என்ற வளைவு வேறு. அங்கேதான் கிரிஸ்ப்புக்குக் கால் தள்ளாட ஆரம்பித்தது. பிட்மன் வலது கையில் சாட்டையை எடுத்து ஒரு அடி கொடுத்தார். குதிரை இடது பக்கம் விலகிவிட்டது. திரும்ப நேர்வழிக்குக் கொண்டுவருவதில் சில கணங்கள் போயின. அது தன் தவறு என்று பிட்மன் பிற்பாடு பல தடவை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

எல்லைக்கோட்டுக்குச் சில அடிகள் முன்னால் ரெட் ரம் தாண்டிப் போனது. முக்கால் நீள வித்தியாசம். நேரம் 9 நிமிடம் 1.9 விநாடி, பழைய சாதனையை விட 18 விநாடிக்கு மேல் குறைவு. மூன்றாவதாக வந்த லெஸ்கார்கோ 25 நீளம் பின்னால். அதுவும் 12 ஸ்டோன் சுமந்த குதிரைதான், செல்டன்ஹாம் கோல்ட் கப்பை இரண்டு முறை ஜெயித்தது!

ரொம்ப நாளாக இதை ஒரு அநியாயம் என்றே நினைத்திருந்தேன். பத்தரை கிலோ கூடுதலாகச் சுமக்க வைத்துவிட்டு, தோற்றாய் என்று சொன்னால் எப்படி? அதே வருடம் டான்காஸ்டரில் இரண்டும் சம பாரத்தில் மோதின. கிரிஸ்ப் 8 நீளத்தில் ஜெயித்தது. பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல என்று எனக்குள் ஒரு திருப்தி.

ஆனால் அடுத்த வருடக் கணக்கைப் பார்த்தபோது என் வாதம் ஆட்டம் கண்டது. 1974ல் ரெட் ரம்முக்கே 12 ஸ்டோன் ஏற்றினார்கள். கிரிஸ்ப் சுமந்த அதே பாரம், அதே மைதானம். ரெட் ரம் ஜெயித்தது. 1975, 1976ல் இரண்டாம் இடம். 1977ல் பன்னிரண்டு வயதில், 11 ஸ்டோன் 8 பவுண்டோடு 25 நீளத்தில் மூன்றாவது வெற்றி. மூன்று முறை கிராண்ட் நேஷனல் ஜெயித்த வேறு குதிரை கிடையாது.

அப்படியென்றால் 1973ல் நடந்தது என்ன? நீண்ட தூரப் பந்தயங்களில் ஒரு பவுண்டு பாரம் ஏறத்தாழ ஒரு நீளத்துக்குச் சமம் என்று ஒரு மனக்கணக்கு உண்டு. இரண்டுக்கும் இடையில் 23 பவுண்டு. ஏழு கிலோமீட்டர் ஓடி முடிவில் முக்கால் நீளம்! ஹேண்டிகேப் போட்டவர் கிரிஸ்ப்புக்கு அநியாயம் செய்யவில்லை, இரண்டையும் கிட்டத்தட்ட சரியாக எடை போட்டுவிட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. யாரையாவது குறை சொல்ல வேண்டும் என்ற என் ஆசைக்கு அங்கே இடமே இல்லை.

ரெட் ரம் 1995ல் இறந்தது. ஐன்ட்ரீயில் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். அதற்கு அந்த இடம் தகும், இப்போது மனசார ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வீடியோவை அடுத்த தடவை போடும்போது நான் கிரிஸ்ப் கட்சிதான். அதை மட்டும் மாற்ற முடியவில்லை.