விடிவதற்குள் எழுதிய பிங்

இணையதளம் திறக்கவில்லை என்று போன் வந்தால், நெட்வொர்க் வேலை பார்க்கிறவர்களின் கை முதலில் போவது கமாண்ட் விண்டோவுக்குத்தான். பிங் என்று அடித்து, பக்கத்தில் தளத்தின் பெயரைப் போட்டு என்டரைத் தட்டுவார்கள். பதில் வந்தால் ஒரு பக்கம் தேடுவார்கள், வராவிட்டால் இன்னொரு பக்கம். விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று எதைத் திறந்தாலும் இருக்கிற இந்தச் சின்ன கமாண்டை 1983 டிசம்பரில் ஒரே ராத்திரியில் எழுதியவர் மைக் மூஸ்.

அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிதான் அமெரிக்காவின் அர்பாநெட் என்ற நெட்வொர்க், டிசிபி/ஐபி முறைக்கு மாறியிருந்தது. தனித்தனியாகக் கிடந்த நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. கோளாறு தேடுவதும் அதோடு கடினமாயிற்று. பாக்கெட் எனப்படும் தகவல் பொட்டலம் பல கைகள் மாறித்தான் போய்ச் சேர வேண்டும். தூரத்து மெஷின் அணைந்து கிடக்கிறதா, நடுவில் எங்காவது கேபிள் கழன்றுவிட்டதா, அல்லது நம் மெஷினே எதையும் வெளியே அனுப்பவில்லையா? திரைக்கு முன்னால் இருப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்: பதில் இல்லை.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி ஏற்கெனவே விதிப்புத்தகத்தில் இருந்தது. 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 792, ஐசிஎம்பி என்ற செய்திமுறையை வகுத்தது. அதில் எட்டாம் வகைச் செய்தி எதிரொலி கேட்பது. அது வந்து சேர்ந்த மெஷின், உள்ளே இருக்கும் தகவலை மாற்றாமல் பூஜ்ய வகைச் செய்தியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். 1983 ஜூலையில் நார்வேயில் நடந்த, அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பாவின் கூட்டமொன்றில் டேவிட் மில்ஸ், இந்த எதிரொலிகளுக்கு நேரம் குறித்துப் பாதையின் தாமதத்தைத் தான் அளந்து பார்த்த விதத்தைச் சொன்னார். மூஸின் மனதில் அது தங்கிவிட்டது. அவர் கல்லூரிக் காலத்திலேயே சோனார், ரேடார் கணக்குகளில் ஊறியவர். ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து எதிரில் இருப்பதை அறியும் முறை அவருக்குப் பழகியது. நீருக்கடியில் சோனார் எழுப்பும் ஓசையின் பெயரையே தன் புரோகிராமுக்கும் வைத்தார்.

மேரிலாந்தின் அபர்டீனில் அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ரிசர்ச் லேபரட்டரியில் அவருக்கு வேலை. டிசம்பரில் ஒருநாள் அங்கே நெட்வொர்க் விசித்திரமாக நடந்துகொண்டது. மில்ஸ் சொன்னது நினைவுக்கு வர, உட்கார்ந்து மளமளவென்று எழுதினார். புரோகிராம் பிழையில்லாமல் கம்பைல் ஆயிற்று, ஆனால் ஓடவில்லை. ஐசிஎம்பி செய்தியை ஒரு சாதாரண புரோகிராம் நேரடியாக அனுப்பவும் வாங்கவும் யூனிக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் வசதியே இல்லை. மூஸுக்குக் கோபம் வந்தது. கெர்னலையே திறந்து, இல்லாத வசதியையும் எழுதிச் சேர்த்தார். பொழுது விடியுமுன் எல்லாம் ஓடத் தொடங்கியது. ஆனால் முதல் பிங் கிளம்புவதற்குள் சக ஊழியர் ஒருவர், கோளாறு எந்த வன்பொருளில் என்று கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்.

கருவி வீணாகவில்லை. கெர்னலில் செய்த மாற்றத்தையும், ஆயிரம் வரி அளவுள்ள அந்தப் புரோகிராமையும் பெர்க்லி யூனிக்ஸ்காரர்கள் வாங்கித் தங்கள் வெளியீட்டில் சேர்த்தார்கள். அங்கிருந்து அது உலகம் முழுக்கப் போயிற்று.

பிங்கைப் பற்றி மூஸ் கேள்விப்பட்டுச் சொன்ன ஒரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு நெட்வொர்க் நிர்வாகியின் கட்டடத்தில் ஈதர்நெட் இணைப்பு அவ்வப்போது மட்டும் அறுந்துபோனது. எந்த இணைப்பில் என்று தெரியவில்லை. ஒவ்வொரு பதில் வரும்போதும் 'பிங்' என்று உச்சரிக்கும்படி அவர் ஒரு குரல் புரோகிராமை இணைத்து, அதை அறையின் ஸ்டீரியோவில் உரக்க வைத்தார். பிறகு கட்டடம் முழுக்கச் சுற்றி வந்து ஒவ்வொரு கனெக்டராக ஆட்டிப் பார்த்தார். எதை ஆட்டும்போது சத்தம் நின்றதோ, அங்கேதான் கோளாறு. திரையைப் பார்க்க ஓட வேண்டியதில்லை, காது போதும்.

பிங் சொல்வது, போய்ச் சேர்ந்ததா, பதில் வர எவ்வளவு நேரமாயிற்று என்பதை மட்டும். பாதையில் எந்த இடத்தில் விழுந்தது என்று அது காட்டாது. அந்தக் குறையைத் தீர்த்த ட்ரேஸ்ரூட், 1980களின் கடைசியில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் எழுதியது. யோசனை ஸ்டீவ் டீரிங்குடையது. பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கும். கடக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் பூஜ்யமானால் பாக்கெட்டைத் தள்ளிவிட்டு, அனுப்பியவருக்குச் சேதி சொல்லும். ஜேக்கப்சன் எண்ணை வேண்டுமென்றே 1, 2, 3 என்று வைத்து அனுப்பினார். முதல் ரவுட்டர், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாகத் தங்களைக் காட்டிக்கொடுத்தன. இதுவும் ஒரு பாதைக் கோளாற்றைத் தேடும்போது, 48 மணி நேரம் தூங்காமல் எழுதியது என்று மூல நிரலிலேயே குறித்திருக்கிறார்.

இருவரும் செய்தது ஒன்றுதான். 'வரவில்லை' என்ற ஒற்றைப் பதிலை ஏற்க மறுத்து, அதைச் சிறு கேள்விகளாக உடைத்தார்கள். இன்றைக்கும் தேவை அந்தப் பிடிவாதம்தான். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகத்துக்கே எட்டாமல் போனதே, அப்போது அதன் சர்வர்கள் அழிந்துவிடவில்லை. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கமாண்ட் டேட்டா சென்டர்களுக்கு இடையிலான இணைப்பைத் துண்டித்தது. அதைத் தொடர்ந்து டிஎன்எஸ் சர்வர்களுக்கான பாதை அறிவிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. பெயரைக் கேட்டால் முகவரி சொல்ல ஆள் இல்லை.

எனவே வரிசையாகக் கேளுங்கள். பிங் அடித்ததும் ஐபி முகவரி தெரிகிறதா? தெரியாவிட்டால் சந்தேகம் டிஎன்எஸ் மேல். முகவரி இருந்தும் பதில் இல்லையா? ட்ரேஸ்ரூட் போட்டுப் பாருங்கள். ஆனால் ஃபயர்வாலில் பிங்கைத் தடுத்திருக்கும் தளங்கள் நிறைய, அந்த மௌனத்தை மட்டும் வைத்து சர்வர் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பதில் வந்தும் பக்கம் திறக்கவில்லையா? பாதை சரி, அங்கே ஓட வேண்டிய வெப் சர்வர் புரோகிராமைக் கவனியுங்கள்.

மூஸ் 2000 நவம்பரில், 42 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார். அவர் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன கருவி உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. அடுத்த முறை சேவை நிறுவனத்துக்குப் போன் போடுமுன் அதை ஓட்டிப் பாருங்கள். 'நெட் வரவில்லை' என்பவருக்கு மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்றுதான் பதில் வரும். 'முகவரி கிடைக்கிறது, மூன்றாவது ரவுட்டருக்கு அப்பால் எந்தத் தளத்துக்கும் போகவில்லை' என்று சொல்பவரிடம், எதிர்முனையில் இருப்பவரும் வேலையைத் தொடங்கியாக வேண்டும்.